வளர்றதுக்கெல்லாம் லீவு கிடையாது

விளையாட்டு விடுதி
ஜூன் 11

அண்ணா,

போன ஞாயித்துக்கிழமை போன்ல "சூப்பரா இருக்கேன்"னு சொன்னேனே, அது பொய். வார்டன் பக்கத்துலயே நின்னு என் வாயைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அதான் கடிதம். பால் வண்டிக்காரர் பெட்டியில போட்டுடறேன்னு சொல்லியிருக்கார். நீயும் எழுது. இங்கே வர்ற கடிதத்தை யாரும் பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க, அவ்வளவு சோம்பேறிங்க.

வலது முட்டி வலிக்குது. சில்லுக்குக் கீழே, காலெலும்பு ஆரம்பிக்கிற இடத்துல ஒரு மேடு வந்திருக்கு. உள்ளே கோலிகுண்டு வெச்சுத் தைச்ச மாதிரி. போர்வை உரசினாலே உயிர் போகுது. மாடிப்படி இறங்கறப்போ நண்டு மாதிரி பக்கவாட்டுல இறங்கறேன். வந்தப்போ எடுத்த பேன்ட் எல்லாம் இப்ப கணுக்காலுக்கு மேல ஏறிடுச்சு. பொண்ணுங்க எனக்கு "ஏணி"ன்னு பேர் வெச்சுட்டாங்க.

உயரம் இருக்கறதாலதான் மாஸ்டர் என்னை ஸ்பைக் அடிக்க வெச்சிருக்கார். வாலிபால்ல குதிக்காம ஸ்பைக் எப்படி அடிக்கறது? காலையிலயும் சாயங்காலமும் குதிக்கறேன். யாராவது தப்பு பண்ணினா முட்டி போட்டு கோர்ட்டைச் சுத்தணும். சிமெண்டு கோர்ட். இன்னிக்கு என் சர்வீஸ் நெட்டுல பட்டுச்சு. முட்டி போடச் சொன்னார். அந்த மேடு தரையில பட்டதும் கண்ணு இருட்டி வாந்தி எடுத்துட்டேன்.

"துடைச்சுட்டு மிச்சத்தைச் சுத்து"ன்னார்.

சுத்தினேன்.

அவர் கையில எப்பவும் ஒரு கட்டை இருக்கும். ஒடிஞ்ச நெட் கம்பத்தோட துண்டு. என்னை இன்னும் அடிக்கலை. அம்மாகிட்ட எதுவும் சொல்லாதே. நீயும் இங்கே வராதே. உன் கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும்.

உன் தங்கச்சி


பஸ் டெப்போ
ஜூன் 19

ஒட்டகச்சிவிங்கி அம்மையாருக்கு,

காகிதத்துல கறை இருந்தா கண்டுக்காதே. பஸ்ஸுக்கு அடியில, குழியில உட்கார்ந்து எழுதறேன். கிரீஸ் என்னைவிட்டுப் போகாது, நானும் அதைவிட்டுப் போக மாட்டேன்.

இந்த வயசுல திடீர்னு வளர்ந்தா கால் வலிக்கத்தான் செய்யும். பல்லைக் கடிச்சுக்கோ. அந்த விடுதியில சீட்டு கிடைக்க எத்தனை ஆபீஸ் வாசல்ல நின்னேன்னு உனக்கே தெரியும். இதோட ஒரு முட்டிக் கவசம் அனுப்பியிருக்கேன். பழைய டியூப்பை வெட்டி, உள்ளே பஸ் சீட்டு ஸ்பாஞ்சு வெச்சுத் தைச்சது. நாத்தமடிக்கும். பரவாயில்லை, எதிர் டீம் பக்கத்துல வராது.

என் உதடு கிழிஞ்சிருக்கு, அம்மா சொல்லியிருப்பாங்க. ஒரு டிரைவர் என் ஸ்பேனரை எடுத்துக்கிட்டுப் போய்ட்டான். கேட்டதுக்கு அம்மாவை இழுத்துப் பேசினான். இப்ப அவன் மெல்ல முடியாம பிரெட்டை டீயில ஊறவெச்சுச் சாப்பிடறான். ஃபோர்மேன், "இன்னொரு தடவை கை நீட்டினா வீட்டுக்குப் போயிடு"ன்னார். நீட்டற மாதிரி வெச்சுக்காதீங்கன்னேன்.

"இன்னும் அடிக்கலை"ன்னு எழுதியிருக்கே. அந்த "இன்னும்" எனக்குப் பிடிக்கலை. அப்பன் பெல்ட்டைக் கழட்டினப்போ எல்லாம் உனக்கு முன்னாடி யாரு நின்னா? அம்மா அவனை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தின அன்னிக்கே, இனிமே இந்த வீட்டுப் பொண்ணு மேல ஒருத்தன் கை படக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். அந்த மாஸ்டர் தொட்டா சொல்லு. மறைக்காதே.

அண்ணன்


விளையாட்டு விடுதி
ஜூலை 6

அண்ணா,

மறைக்காதேன்னு சொன்னே. சரி, கேளு. ஆனா கேட்டுட்டு உட்கார்ந்த இடத்துலயே இரு.

கவசத்தைப் போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குப் போனேன். "என்னது, பஸ் டயரா?"ன்னு மாஸ்டர் எல்லார் முன்னாடியும் உருவித் தூக்கி எறிஞ்சார். பொண்ணுங்க சிரிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு ஹால்ல தவளை என்னை மாதிரி நொண்டி நடந்து காட்டினா. நாங்க அவளைத் தவளைன்னுதான் கூப்பிடுவோம், எனக்குப் பந்தைத் தூக்கிக் குடுக்கற செட்டர், பந்தை எடுக்க அப்படித் தாவுவா. அவ வழக்கமா பண்ற கூத்துதான். ஆனா என் கையில டம்ளர் இருந்துச்சு. அதாலயே அவ வாயில அடிச்சேன். முன்பல்லு தட்டுல விழுந்துச்சு. எனக்குக் கோபம்கூட வரலை அண்ணா. கை தானா போச்சு.

அதுக்கு வார்டன் என்னை ஆஸ்பத்திரிக்குத் தவளையோட துணையா அனுப்பினாங்க, தண்டனையா. அங்கேதான் எலும்பு டாக்டரம்மா நான் நொண்டறதைப் பார்த்துக் கூப்பிட்டாங்க. படம் எடுத்துப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "உன் எலும்பு அவசரமா வளருது. தொடையிலிருந்து வர்ற தசைநார் அந்த வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாம, இன்னும் முத்தாத எலும்பைப் பிடிச்சு இழுக்குது. அதான் மேடு. நீ வளர்ந்து முடிச்சதும் வலி நின்னுடும். இது பெரிய வியாதி இல்லை. ஆனா இப்போதைக்குக் குதிக்காதே, முட்டி போடாதே. மீறி இழுத்தா எலும்பே பிச்சுக்கிட்டு வரும்."

எனக்கு அழுகை வந்துடுச்சு. நடிக்கிறேன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்திருந்துச்சு.

டாக்டரம்மா மாஸ்டருக்குப் போன் போட்டுச் சொன்னாங்க. அவர் சாயங்காலம் எங்களை வரிசையா நிக்க வெச்சு, "வளர்றதுக்கெல்லாம் லீவு கிடையாது"ன்னார். அப்புறம் என்கிட்ட வந்து, "எங்கே வலிக்குது, காட்டு"ன்னு கேட்டார். நிஜமாவே பார்க்கப் போறார்னு நினைச்சுக் காட்டினேன். கட்டையால அந்த மேட்டு மேலயே அடிச்சார். ரெண்டு தடவை. கீழே விழுந்தேன். "இப்ப வலி எதுன்னு தெரிஞ்சுதா? எந்திரிச்சுக் குதி."

ஞாயித்துக்கிழமை மண்டலப் போட்டி. அதுவரைக்கும் தாங்கிட்டா போதும். அப்புறம் நானே விடுதி முதல்வர் அறைக்குப் போய்ச் சொல்லப் போறேன். தவளையும் வர்றேன்னிருக்கா. பல்லு போனதுக்கு என்னை மன்னிக்கலை, ஆனாலும் வர்றேங்கறா.

நீ வராதே. இது என் வேலை.

தங்கச்சி


மத்திய சிறை
ஆகஸ்டு 2

குட்டி,

இங்கே கடிதத்தைப் படிச்சுட்டுத்தான் அனுப்புவாங்க. படிக்கிற ஐயாவுக்கு வணக்கம்.

காலுக்கு ஸ்க்ரூ வெச்சுத் தைச்சாச்சுன்னு அம்மா சொன்னாங்க. உன் கடைசிக் கடிதத்தைப் பிரிக்கறதுக்குள்ள அம்மாவோட போன் வந்துடுச்சு. "மேட்ச்ல குதிச்ச இடத்துலயே எலும்பு பிச்சுக்கிட்டு வந்துடுச்சாம்டா"ன்னு அழறாங்க. நான் அப்படியே பனியனோட பஸ் ஏறினேன். வழியில பை துழாவினா உன் கடிதம், அன்னிக்குக் காலையில வந்தது, பிரிக்காமலே இருந்துச்சு. படிச்சேன். அந்தக் கட்டை, "எங்கே வலிக்குது காட்டு", எல்லாம்.

வார்டுக்குள்ள வந்தா அந்த மாஸ்டர் உன் கட்டில் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கான். மடியில ஆப்பிள் பை. அதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியலை. உன் டிரிப் ஸ்டாண்டு என் கையில இருந்துச்சு.

அவன் முட்டி நொறுங்கிடுச்சுன்னு போலீஸ்காரர் சொன்னார். உன் முட்டிக்கு அவன் முட்டி. சரியாப் போச்சு. எனக்கு வருத்தம் இல்லை.

இங்கே வந்த அன்னிக்கே ரெண்டு பேர் என்னைக் குளிக்கிற இடத்துல மடக்கினாங்க. ஒருத்தன் என் விலா எலும்பை உடைச்சான். நான் அவன் காதைக் கடிச்சு வெச்சேன். இப்ப வரிசையில எனக்கு இடம் விடறாங்க. கவலைப்படாதே.

நீ ஏன் ஒரு வரிகூட எழுதலை?

அண்ணன்


ஆஸ்பத்திரி
ஆகஸ்டு 20

அண்ணா,

ஏன் எழுதலைன்னா, நான் உனக்கு நன்றி சொல்லணும்னு நீ காத்துக்கிட்டு இருக்கேன்னு தெரியும். அதான்.

உனக்கு எதுவும் தெரியலைன்னா நான் சொல்றேன். நான் பார்த்தேன். அந்த ஸ்டாண்டுல தொங்கின குழாய் என் கையில குத்தியிருந்துச்சு. நீ இழுத்தப்போ ஊசி பிச்சுக்கிட்டு வந்துச்சு. என் ரத்தம் அவர் சட்டையில, அவர் ரத்தம் என் போர்வையில. முதல் அடியிலயே அவர் விழுந்துட்டார் அண்ணா. ஆப்பிள் எல்லாம் கட்டிலுக்கு அடியில உருண்டுச்சு. கையெடுத்துக் கும்பிட்டார். நீ நிறுத்தலை. காலைத் தேடித் தேடி அடிச்சே. எலும்பு உடையற சத்தத்தை என் கால்லயே ஒருவாட்டி கேட்டவ நான். அன்னிக்கு மறுபடியும் கேட்டேன். "எந்திரிடா, எந்திரி!"ன்னு கத்தினே. அது உன் குரல் இல்லை. அது அப்பா குரல். நான் போர்வையை இழுத்துத் தலையோட மூடிக்கிட்டேன், சின்ன வயசுல பண்ற மாதிரி. அப்பல்லாம் முன்னாடி நீ நிப்பே. அன்னிக்கு யாரும் நிக்கலை.

நீ உள்ளே வர்றதுக்கு முன்னாடி அங்கே என்ன நடந்துச்சுன்னு ஒருவாட்டியாவது கேட்டியா? பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லச் சொல்லி வந்திருந்தார். அப்படிச் சொன்னா டீம்ல இடம் இருக்கும், இல்லைன்னா பெட்டியைக் கட்டுன்னார். நான் வாயைத் திறந்தேன். "முடியாது"ன்னு சொல்லப் போனேன். அந்த வார்த்தை நாக்குக்கு வந்துடுச்சு. எத்தனை நாளா அதுக்கு என்னைத் தயார் பண்ணிக்கிட்டிருந்தேன் தெரியுமா? அதுக்குள்ள நீ வந்துட்டே.

இப்ப எல்லாரும் "பாவம் மாஸ்டர்"ங்கறாங்க. முதல்வர் அவருக்குப் பூங்கொத்து அனுப்பியிருக்காங்க. அவர் இதே ஆஸ்பத்திரியில கீழ் மாடியில இருக்கார். என் காலைப் பத்தி யாரும் பேசறதில்லை. ரவுடியோட தங்கச்சின்னுதான் பேசறாங்க.

நீ எனக்காக அடிக்கலை.

தங்கச்சி


மத்திய சிறை
செப்டம்பர் 14

தங்கச்சிக்கு,

அப்பா குரல்னு எழுதிட்டே. உன் கையால. அதைப் படிச்ச அன்னிக்கு சுவத்துல குத்தி என் விரல் ரெண்டு வீங்கிப் போச்சு. நீ இதையும் ஒரு கடிதத்துல எழுதிக்கோ.

இது வக்கீல் சொல்லச் சொன்னது, அவர் கையிலயே குடுத்து அனுப்பறேன், இங்கே யாரும் படிக்க மாட்டாங்க. கேஸ் வரும்போது உன்னைச் சாட்சியாக் கூப்பிடுவாங்க. நான் உள்ளே வந்தப்போ அந்த ஆள் உன் மேல கை ஓங்கினான்னு மட்டும் நீ சொன்னா போதும். தடுக்கத்தான் அடிச்சேன்னு ஆயிடும். சீக்கிரம் வெளியே வந்துடுவேன். இல்லைன்னா வருஷக்கணக்கா உள்ளே இருக்கணும். அம்மா தனியா ஆஸ்பத்திரித் துணி துவைச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டுவாங்க?

எப்படியும் உன்னை அடிச்சவன்தானே அவன்? அன்னிக்கு ஓங்கலைன்னா என்ன, வேற நாள் ஓங்கினான். அதை இங்கே நகர்த்தி வெச்சா குறைஞ்சா போயிடும்? ஒரே ஒரு பொய். வேற எதுவும் நான் உன்கிட்ட கேட்டதில்லை.

அண்ணன்


ஆஸ்பத்திரி
அக்டோபர் 9

அண்ணா,

பதில் சொல்ல லேட்டாயிடுச்சு. நடுவுல ஒண்ணு நடந்துச்சு. அதைச் சொன்னாத்தான் நான் சொல்லப் போறது உனக்குப் புரியும்.

எனக்கு இப்ப தினமும் பயிற்சி ஹால்ல கால் மடக்கப் பழக்கறாங்க. ரெண்டு பக்கமும் கம்பி, நடுவுல நடக்கணும். போன வாரம் கதவைத் திறந்துக்கிட்டு மாஸ்டர் வந்தார், சக்கர நாற்காலியில. அவருக்கும் அதே ஹால், அதே கம்பி. பழக்கறவர் எங்க ரெண்டு பேரையும் யாருன்னு தெரியாம, "நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி கேஸ், பேசிக்கிட்டே பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போய்ட்டார்.

நான் நடந்தேன். பின்னாடியிலிருந்து, "குதிகாலை ஊனு! முட்டியை வளைக்காதே!"ன்னு ஒரு அதட்டல். உடனே ஊனினேன் அண்ணா. உடம்பு தானா கேட்டுடுச்சு. எனக்கு அவமானமா இருந்துச்சு.

அப்புறம் அவர் எழுந்து கம்பியைப் பிடிச்சார். ரெண்டு அடி எடுத்து வெச்சார், கால் மடங்கி நடுவுல விழுந்துட்டார். நான் பக்கத்துல போனேன். என் கையில ஊன்றுகோல். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அடுத்தது என்னன்னு அவருக்குத் தெரிஞ்சுடுச்சு. தலையை மறைச்சுக்கலை. ரெண்டு கையாலயும் முட்டியை மூடிக்கிட்டார். விடுதியில நான் ராத்திரி எல்லாம் அப்படித்தான் படுத்திருப்பேன்.

தெரிஞ்சும் அடிச்சேன். தோள்பட்டையில ஒரு அடி. முழு பலத்தோட. அவர் நாய் மாதிரி கத்தினார்.

நல்லா இருந்துச்சு அண்ணா. அதை யார்கிட்டயும் சொல்ல முடியாது, உன்கிட்ட மட்டும்தான் முடியும். ரொம்ப நாள் கழிச்சு மூச்சு முழுசா வந்த மாதிரி இருந்துச்சு. இன்னொண்ணு அடிக்கலாம்னு கோலைத் தூக்கிட்டேன். அப்பதான் பயம் வந்துச்சு. அவரைப் பார்த்து இல்லை. இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு இது போய்க்கிட்டே இருக்கும்னு. உனக்கும் அன்னிக்கு இப்படித்தான் இருந்திருக்கும், இல்லை? கோலைத் தூரமா எறிஞ்சுட்டு நானும் தரையிலயே உட்கார்ந்துட்டேன். பழக்கறவர் வந்து பார்த்தப்போ ரெண்டு பேரும் தரையில இருந்தோம். நான் அடிச்சதை மாஸ்டர் சொல்லலை. "விழுந்துட்டோம்"னு அவரே சொல்லிட்டார். அது எனக்குச் செஞ்ச உதவியா, இல்லை வெட்கமான்னு தெரியலை.

அதனால சொல்றேன். நீ கேட்ட பொய்யை என்னால சொல்ல முடியாது. அவர் கட்டையால அடிச்சதைச் சொல்வேன். டாக்டரம்மா பேச்சைக் கேக்காம குதிக்க வெச்சதைச் சொல்வேன். நீ விழுந்தவரை அடிச்சதைச் சொல்வேன். நான் அடிச்சதையும் சொல்வேன். இதுல ஒண்ணை நான் மாத்தினா, மத்த மூணையும் யாரு நம்புவா?

கோச்சுக்கோ. ஆனா எழுதறதை நிறுத்தாதே.

தங்கச்சி


மத்திய சிறை
மார்ச் 22

குட்டி,

நிறுத்தத்தான் செஞ்சேன். உன் நாலு கடிதத்துக்குப் பதில் போடலை. கோர்ட்டுல உன்னைப் பார்க்கிற வரைக்கும் போடறதா இல்லை.

கூண்டுல நிக்கறப்போ உன் இடுப்பு அதோட மேல்கட்டையைத் தாண்டி இருந்துச்சு. அங்கேயும் வளர்ந்துக்கிட்டே இருக்கியேன்னு நினைச்சேன். என் வக்கீல் சுத்திச் சுத்தி, "அவர் கையை ஓங்கினாரா, யோசிச்சுச் சொல்லும்மா"ன்னு கேட்டார். நீ, "அன்னிக்கு ஓங்கலை. ஆப்பிள் பையைப் பிடிச்சிருந்தார்"ன்னே. அங்கேயே எழுந்து உன்னை அறையணும்னு தோணுச்சு. அவன் வக்கீல் சிரிச்சுக்கிட்டே எழுந்தார். "அப்ப மாஸ்டர் ரொம்ப நல்லவர்தான்"ன்னு ஆரம்பிச்சார். "இல்லைங்க, நான் இன்னும் முடிக்கலை"ன்னு சொன்னியே, அந்த ஆளுக்கு முகம் செத்துப் போச்சு. அப்புறம் எல்லாத்தையும் சொன்னே. உன் அடியையும் சேர்த்து. ஜட்ஜ் பேனாவைக் கீழே வெச்சுட்டுக் கேட்டார்.

அப்புறம் உன் தவளை வந்தா. "ஏணி என் பல்லை உடைச்சா. மாஸ்டர் அவ காலை உடைச்சார். ரெண்டையும் நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்"ன்னு பொக்கைப் பல்லோட சொன்னா பாரு, கோர்ட்டே சிரிச்சுடுச்சு. நான்கூட. போலீஸ்காரர் முறைச்சார். அவளுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு பொண்ணுங்க வந்து பாவாடையைத் தூக்கி முட்டித் தழும்பைக் காட்டினப்போதான் யாரும் சிரிக்கலை.

எனக்கு மூணு வருஷம். அவன் இனி எந்த வாலிபால் கோர்ட்டுலயும் விசில் ஊத முடியாது, அவன் கேஸும் தனியா நடக்குதுன்னு அம்மா சொன்னாங்க. அந்தப் பூங்கொத்து முதல்வரையும் மாத்திட்டாங்களாம்.

ஜட்ஜ் என்னைக் கேட்டார்: "வருத்தப்படறியா?" இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனா நீ அங்கே உட்கார்ந்திருந்தே. "அவ போர்வையை மூடிக்கிட்டதுக்கு வருத்தப்படறேன்"னேன். அவருக்குப் புரியலை. எழுதிக்கிட்டார்.

இங்கே நேத்து காது கடிபட்டவன் என் தட்டைத் தட்டிவிட்டான். நான் திருப்பி அடிச்சேன். திருந்திட்டேன்னு நினைச்சுடாதே. ஆனா அவன் விழுந்தான், நான் நிறுத்தினேன். அதைச் சொல்லணும்னு தோணுச்சு.

ஒண்ணு கேக்கணும். கேக்கக் கூச்சமா இருக்கு. அந்த ஆள் நடக்கறானா?

அண்ணன்


வீடு
ஏப்ரல் 5

அண்ணா,

டாக்டரம்மா போன வாரம் படம் எடுத்துப் பார்த்தாங்க. எலும்பு ஒட்டிடுச்சு. வளர்ச்சி அடங்கிக்கிட்டு வருதாம். மேடு மட்டும் அப்படியே இருக்கும், சாகிற வரைக்கும். இப்ப தொட்டா வலி இல்லை, ஒரு கூச்சம்தான். பக்கத்துத் தெரு டீம்ல சேர்ந்துட்டேன். அங்கே மாஸ்டர் கிடையாது, ஒரு தபால்காரம்மா சொல்லிக் குடுக்கறாங்க. தோத்தா எல்லாரும் சேர்ந்து திட்டறோம், அவ்வளவுதான். குதிக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. குதிக்கிறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு நொடி நின்னுடறேன். அந்த ஒரு நொடியில பந்து போயிடுது. தபால்காரம்மா, "வரட்டும், வரட்டும்"ங்கறாங்க.

நீ கேட்டது. நடக்கறார்.

படம் எடுக்கப் போன அன்னிக்கு ஆஸ்பத்திரியில லிஃப்ட் ரிப்பேர். மாடிப்படியில எனக்கு முன்னாடி ஏறிக்கிட்டிருந்தார். கால் முழுசா மடங்கலை, இடுப்பைச் சாய்ச்சுத் தூக்கித் தூக்கி வைக்கறார். ஒரு கை கம்பியில, ஒவ்வொரு படிக்கும் நின்னு மூச்சு வாங்கறார். என் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்ததும் சுவரோட ஒட்டிக்கிட்டு வழி விட்டார். பயந்துட்டார் அண்ணா. அவ்வளவு பெரிய ஆள், என்னைப் பார்த்து. பயிற்சி ஹால்ல அது நல்லா இருந்துச்சுன்னு எழுதினேனே, இப்ப நல்லா இல்லை.

மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே. மன்னிக்கலை. அவரும் எதுவும் கேக்கலை. "நீங்க ஏறுங்க, எனக்கு அவசரமில்லை"ன்னேன்.

கடைசிப் படி வரைக்கும் ஏறினார். நான் கீழே நின்னு பார்த்தேன். உனக்குச் சொல்றதுக்காக இல்லை, எனக்கே பார்க்கணும்னு இருந்துச்சு. அவர் மேலே போய்த் திரும்பி மறைஞ்சப்புறம் நான் ஏறினேன். கம்பியைத் தொடலை.

தங்கச்சி